"ஐந்து மாதம் வரைகிறேன், ஏழு மாதம் மூடி வைக்கிறேன்"

கடிதத்தின் சுருக்கம்: காட்பாடியை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து 41 வயது வாசகி எழுதியிருக்கிறார். மருத்துவமனையில் செவிலியர். காலை, மதியம், இரவு என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். மொட்டைமாடியில் சாமான் போட்டு வைத்திருந்த 10-க்கு 12 அடி சிமெண்ட் ஷீட் அறையை ஆறு ஆண்டுகளுக்கு முன் காலி செய்து ஓவிய அறையாக்கினார். நீர்வண்ணம், அக்ரிலிக், எண்ணெய் வண்ணம் மூன்றும் செய்கிறார். ஜனவரி முதல் ஏப்ரல் பாதி வரை நன்றாகப் போகும். சித்திரை பிறந்ததும் அறைக்குள் நிற்க முடியாது. வேலை முடிந்து மாலை 7 மணிக்கு மேலே போனால் அக்ரிலிக் பேலட்டிலேயே (வண்ணம் கலக்கும் தட்டிலேயே) காய்கிறது. தூசி வரக்கூடாதென்று கதவைச் சாத்தினால் ஒரு மணி நேரத்தில் தலைவலி. ஆவணி, புரட்டாசியில் கொஞ்சம் நடக்கும். ஐப்பசி மழை பிடித்ததும் காகிதம் நெளிகிறது, வண்ணம் ஊறிக்கொள்கிறது, எண்ணெய் வண்ணம் வாரக்கணக்கில் காய்வதில்லை. போன மழையில் பொறுமையிழந்து, ஈரமான எண்ணெய் வண்ணத்தின் மேலேயே அக்ரிலிக் அடித்துவிட்டார். இப்போது மூன்று கேன்வாஸ்களில் வண்ணம் செதில் செதிலாக உரிகிறது. அதில் ஒன்று மகனின் உருவப்படம்.

"தினமும் வரையாதவள் ஓவியரே இல்லை" என்று தோழி ஒருவர் சொல்லியிருக்கிறார். அது இவரைக் குடைகிறது. மாமியாருக்கு டர்பன்டைன் வாடை ஆகவில்லை. கணவர் தடை சொல்வதில்லை, ஆனால் "மழை வந்தா கடையைச் சாத்திடுவா" என்று கிண்டல் செய்கிறார். கேள்விகள் நான்கு: ஷீட் அறைக்கு ஏசி போடலாமா? ஷீட்டில் துளை போட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கலாமா? வேலூர் டவுனில் ஓர் அறை வாடகைக்கு எடுக்கலாமா? இல்லை, எண்ணெய் வண்ணத்தையே விட்டுவிடலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை ஒழுங்கு இல்லாத ஒருவரின் கடிதமாக என்னால் படிக்க முடியவில்லை. ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு தையிலும் திரும்பி வந்து உட்காருகிறவருக்கு ஒழுங்கு குறைவு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பன்னிரண்டு மாதமும் ஒரே நேரத்தில், ஒரே அறையில், அதே மூன்று பொருட்களோடு மல்லுக்கட்டுகிறீர்கள். சிக்கல் அங்கேதான். வேலூர் மாவட்டத்தில் அது யாருக்கும் நடக்காது. வண்ணமும் காகிதமும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும் பொருட்கள். எந்த மாதத்தில் எதைக் கையில் எடுப்பது என்று மாற்றிக்கொண்டால், மூடி வைக்கும் ஏழு மாதம் இரண்டாகக் குறையும். அதற்கு முன் உங்கள் அறையையும் சில எண்ணங்களையும் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

வடக்கு ஜன்னலில் வெயில் ஏன்?

வடக்கு வெளிச்சம்தான் ஓவியருக்கு நல்லது என்று படித்து வடக்கில் ஜன்னல் வைத்தீர்கள். மே மாதம் அதில் வெயில் அடிப்பதைப் பார்த்து, கொத்தனார் திசை தவறிவிட்டாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். கொத்தனார் மேல் தவறில்லை. அந்த அறிவுரை ஐரோப்பாவில் எழுதப்பட்டது. அங்கே சூரியன் உச்சிவேளையில் எப்போதும் தெற்கே நிற்கும். வேலூர் 12.9 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதன்பின் வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் திரும்புகிறது. நடுப்பகலில் வடக்குப் பக்கம் வெயில் விழுவது அந்த நாலு மாதமும் இயல்பு. காலையிலும் மாலையிலும் சாய்வாக உள்ளே வருவது மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை உண்டு.

தீர்வு பெரிய செலவில்லை. ஜன்னலுக்கு மேல் இரண்டு அடி நீட்டி ஒரு சன்ஷேடு, உள்ளே வெள்ளைப் பருத்தித் துணித் திரை. நிறத் திரை வேண்டாம். நீலத் திரை போட்ட அறையில் கலக்கிய தோல்நிறம் வெளியே எடுத்து வந்தால் செங்கல் நிறமாகத் தெரியும். இரவு ஷிப்ட் வாரங்களில் விளக்கில் வேலை செய்யத்தான் நேரும் என்பதால், சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90-க்கு மேல் என்று அட்டையில் அச்சிட்ட எல்.இ.டி. ஒன்று வாங்குங்கள், 5000 கெல்வின் அளவில். சாதாரண டியூப்லைட்டில் சிவப்பும் காவியும் செத்துப்போய்த் தெரியும். காலையில் பார்த்தால் கண்ணைக் குத்தும்.

குளிர்நாட்டு ஓவியர்கள் பருவத்தைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் குளிர்காலத்தில் பகல் சுருங்குவதைத்தான் பேசுவார்கள். நமக்கு ஜூனுக்கும் டிசம்பருக்கும் பகல் நேரத்தில் ஒன்றரை மணிதான் வித்தியாசம். இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டே: சூடும் ஈரமும்.

தலைவலிக்கு வெயில் மட்டும் காரணமில்லை

கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரி இதுதான்: "கதவைச் சாத்திக்கொண்டு டர்பன்டைனில் பிரஷ் கழுவும்போது தலை பாரமாகிவிடுகிறது." வெப்பம் கூடக் கூட டர்பன்டைன் வேகமாக ஆவியாகும். மூடிய சின்ன அறை, மேலே கொதிக்கும் ஷீட், கீழே திறந்த டர்பன்டைன் கிண்ணம். இந்த மூன்றும் சேர்ந்தால் தலைவலி வராமலிருந்தால்தான் ஆச்சரியம். ரத்த அழுத்தத்தையும் கண்ணையும் சோதித்துக்கொள்ள உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முதலில் அந்தக் கிண்ணத்தை வெளியேற்றுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. டர்பன்டைன் ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை சுமார் 35 டிகிரியில் தொடங்கிவிடுகிறது. குளிர்நாட்டு அறையில் அது எட்டாத எண். உங்கள் அறையில் மே மாதம் ராத்திரி எட்டு மணிக்கும் அது இருக்கும். கொசுவர்த்திச் சுருள் ஏற்றி வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். டர்பன்டைன் திறந்திருக்கும் அறையில் சுருள், ஊதுவத்தி, விளக்கு எதுவும் கூடாது. கொசுவுக்கு ஜன்னலில் வலை அடியுங்கள்.

லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) துடைத்த பழைய துணிகளை மூலையில் குவித்து வைப்பதும் வேண்டாம். அந்த எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி இறுகுகிறது, அப்போது சூடு கிளம்பும். துணி கசங்கிக் குவிந்து கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், யாரும் தீக்குச்சி கிழிக்காமலே துணி பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் துணியை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த மூடியிட்ட தகர டப்பாவில் முக்கி வையுங்கள்.

டர்பன்டைன் இல்லாமலே எண்ணெய் வண்ணம் செய்ய முடியும். முதல் பூச்சுக்கு ட்யூபிலிருந்து வரும் வண்ணத்தை எதுவும் கலக்காமல், முரட்டுப் பிரஷால் மெல்லத் தேய்த்துப் பூசுங்கள். மேல் பூச்சுகளில் மட்டும் இரண்டு மூன்று சொட்டு லின்சீட். பிரஷை முதலில் துணியில் நன்றாகத் துடைத்து, ஒரு கரண்டி சூரியகாந்தி எண்ணெயில் அலசி, மறுபடி துடைத்து, பிறகு துணி சோப்பு போட்டு நுரை வெள்ளையாக வரும்வரை உள்ளங்கையில் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பில் சோம்பல்பட்டால் சமையல் எண்ணெய் பிரஷிலேயே தங்கி, அடுத்த படத்தில் வண்ணம் காயாமல் மக்கர் செய்யும். மாமியாரின் புகாரும் இதோடு முடிந்துவிடும். அவர் சொன்னது நியாயமான புகார்தான் என்பதை வீட்டில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

ஷீட்டில் துளை போடும் யோசனையை இப்போதே கைவிடுங்கள். பழைய சிமெண்ட் ஷீட் என்றால் உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும். அறுத்தாலோ துளையிட்டாலோ அந்த நார் பறந்து நுரையீரலில் தங்கும். எக்ஸாஸ்ட் ஃபேனைச் சுவரில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் உயரத்தில் வையுங்கள். ஜன்னல் வழியே காற்று உள்ளே, ஃபேன் வழியே வெளியே.

ஏசிக்கு முன் கூரை

ஷீட் கூரைக்குக் கீழே ஏசி போட்டால் மின்சாரக் கட்டணம்தான் ஏறும். கூரை அனுப்பும் சூட்டோடு அது ஓயாமல் போராடிக்கொண்டிருக்கும். முதலில் பங்குனியிலேயே ஷீட்டின் வெளிப்புறத்தில் இரண்டு கோட் வெள்ளை அடிக்கச் சொல்லுங்கள். வெயிலைத் திருப்பும் கூரை பெயிண்ட் கிடைக்கிறது. முடியாவிட்டால் சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்தாலும் ஒரு கோடைக்குத் தாங்கும். அடிப்பவர் ஷீட் மேல் ஏறி நிற்கக்கூடாது, உடையும். ஏணியில் நின்று நீளக் கம்பு ரோலரால் அடிக்கலாம். ஷீட்டை உலர்ந்தபடி சுரண்டவும் கூடாது, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே தொட வேண்டும். அடுத்த கட்டம், ஷீட்டுக்கு அரை அடி கீழே ஒரு ஃபால்ஸ் சீலிங். பலரும் தெர்மாகோல் ஒட்டுகிறார்கள். எண்ணெயும் துணியும் புழங்கும் அறையில் அது வேண்டாம். ஜிப்சம் பலகை போடுங்கள்.

இவ்வளவு செய்த பிறகும் சூடு தாங்கவில்லை என்றால் ஏசியைவிட ஏர் கூலர் உங்களுக்குப் பொருந்தும், கோடைக்கு மட்டும். வேலூர்க் கோடை வறட்சியானது. வறண்ட காற்றில் கூலர் நன்றாகக் குளிரூட்டும். காற்றில் ஈரம் ஏறுவதால் நீர்வண்ண வாஷும் (நீர்க்கக் கலந்து பரப்பும் பூச்சும்) கொஞ்சம் நின்று காயும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் அதே கூலர் அறைக்குப் பூசணத்தைத்தான் கொடுக்கும். ஐப்பசிக்கு முன் தண்ணீரை வடித்து, காய வைத்து, மூடிவிடுங்கள். காகிதக் கட்டு எந்தப் பருவத்திலும் கூலர் இருக்கும் அறையில் இருக்கக்கூடாது.

நேரத்தையும் மாற்றுங்கள். மாலை 7 மணிக்கு வெயில் போய்விட்டது என்று மேலே ஏறுகிறீர்கள். மாடித் தளமும் சுவரும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை விடத் தொடங்குவது அந்த நேரத்தில்தான். சுற்றிலும் கரடும் பாறையுமாக இருக்கிற ஊர்களில் ராத்திரிக் காற்றும் சீக்கிரம் ஆறாது. அறை உண்மையில் குளிர்ந்திருப்பது விடியற்காலை 5 முதல் 7.30 வரை. மதிய ஷிப்ட் வாரங்களில் அந்த நேரம் முழுக்க உங்களுடையது. அக்னி நட்சத்திர நாட்களில் மேல் அறையை மறந்துவிட்டு, கீழே கூடத்தில் ஓர் ஓரத்தில் உட்காருங்கள். ஒரு பிளைவுட் பலகை, ஒரு டிபன் டப்பாவில் அடங்கும் வண்ணம், நாலு பிரஷ். ஐந்து நிமிடத்தில் விரித்து ஐந்து நிமிடத்தில் மடிக்க முடிந்தால் யாருக்கும் இடைஞ்சல் இருக்காது.

கோடையில் கையில் எது

அக்ரிலிக்கைக் கோடையில் விடவேண்டியதில்லை, பேலட்டை மாற்றினால் போதும். மூடியுள்ள தட்டையான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுங்கள். அடியில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை இரண்டு மடிப்பாக விரியுங்கள்; மேலே கேக் சுடும் தாள். வண்ணத்தை அந்தத் தாளின் மேல் பிதுக்குங்கள். கீழிருந்து ஈரம் மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். மூடி போட்டால் மறுநாளும் வண்ணம் மென்மையாக இருக்கும். துணி மிகவும் ஈரமானால் வண்ணம் ஓடும், அதனால் பிழிவதில் கவனம். மூன்று நாளுக்கு ஒருமுறை துணியை மாற்றாவிட்டால் நாற்றம் எடுக்கும். காய்வதைத் தாமதமாக்கும் ரிடார்டர் வாங்கினால் வண்ணத்தின் அளவில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் கலக்காதீர்கள். மிஞ்சினால் மேற்பரப்பு என்றைக்கும் பிசுபிசுவென்றே இருக்கும். மேசை ஃபேனை நேராகப் படத்தின் மேல் திருப்பாமல் உங்கள் முதுகுப் பக்கம் வையுங்கள்.

முடித்த அக்ரிலிக் படங்களை ஷீட் அறையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். அக்ரிலிக் படலம் சூட்டில் இளகும்; இரண்டு படங்கள் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது ஒன்றின் தோல் இன்னொன்றோடு போகும். பபுள் ராப் சுற்றினால் அதன் கொப்புளங்கள் வட்டம் வட்டமாக வானத்திலும் முகத்திலும் பதிந்துவிடும். நடுவே கேக் சுடும் தாள் வைத்து, நிமிர்த்தி, கீழ்வீட்டில் சாய்த்து வையுங்கள்.

நீர்வண்ணத்தில் வாஷ் பாதியில் காய்ந்து ஓரக்கோடு விழுவதற்கு மருந்து, காகிதத்தின் இரு பக்கத்தையும் நனைப்பது. 300 ஜி.எஸ்.எம். காகிதத்தைத் தொட்டித் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, கண்ணாடி அல்லது மைக்கா பலகையில் ஒட்டினாற்போல் விரியுங்கள். பின்பக்க ஈரம் வெளியேற வழியில்லாததால் மே மாதத்திலும் இருபது நிமிடம் தாராளமாகக் கிடைக்கும். கலக்கும் தண்ணீர் 100 மில்லிக்கு மருந்துக்கடை கிளிசரின் ஐந்தாறு சொட்டு விடலாம். மழைக்காலத்தில் கிளிசரின் பக்கமே போகாதீர்கள். போர் தண்ணீரில் உப்பு அதிகமென்றால் காய்ந்த வாஷில் வெள்ளைப் பொடி தெரியும். ஒரு டம்ளர் கேன் தண்ணீர் போதும்.

எண்ணெய் வண்ணத்தைச் சித்திரை, வைகாசியில் ஒதுக்கி வைத்துவிடலாம். சூட்டில் மேலே தோல் கட்டி உள்ளே பச்சையாக நிற்கும். பிறகு தோல் சுருங்கும். காய வைக்கிறேன் என்று வெயிலில் வைத்தால் சட்டமும் முறுக்கும்.

மழையும் காகிதமும்

நம் பக்கம் மழை ஐப்பசியில்தான் தொடங்குகிறது என்பதில்லை. ஆடி, ஆவணி மாலைகளில் இடியோடு வரும் மழையும் நமக்குக் கணிசம். அதனால் காகிதத்தைக் காப்பாற்றும் வேலை ஆனி மாதமே முடிந்திருக்க வேண்டும். வண்ணம் ஊறிக்கொள்கிறது என்று நீங்கள் எழுதியது ஈரத்தால் பசைப்பூச்சு கெட்டுப்போன காகிதம். பருத்திக் காகிதங்கள் பலவற்றில் ஜெலட்டின் பூச்சு இருக்கும். பூசணத்துக்கும் புத்தகப் பூச்சிக்கும் அது விருந்து. ஒரு மூலையில் வெறும் தண்ணீர் பூசிப் பாருங்கள். புள்ளி புள்ளியாகக் கறுத்து உறிஞ்சினால் அந்தத் தாள் நீர்வண்ணத்துக்கு ஆகாது. தூக்கிப் போடாதீர்கள், ஒரு கோட் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் அடிக்கும் வெள்ளை அடிப்பூச்சு) அடித்தால் அக்ரிலிக் பயிற்சிக்கும், அப்படியே வைத்தால் கரித்துண்டு வரைவுக்கும் நன்றாகவே உதவும்.

பூசணம் பூத்திருந்தால் ஈரத்துணியால் துடைப்பதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு. அது பூசண வித்துகளைக் காகித நார்களுக்குள் தள்ளிவிடும். நிழலில், காற்றில், முழுக்க உலர விட்டு, மாடியில் காற்று உங்களை விட்டு விலகி வீசும் திசையில் நின்று, என்-95 முகக்கவசம் அணிந்து, மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள்.

நல்ல காகிதத்துக்கு ஏற்பாடு இது: 25 தாள் கட்டைத் தடித்த பாலிதீன் உறைக்குள், கால் கிலோ சிலிக்கா ஜெல் பையோடு, படுக்கை வசத்தில். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி கூடாது. தரையிலிருந்து ஓர் அடியாவது உயரம் வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு பெருகியபோது தாழ்வான வீடுகளில் முதலில் நனைந்தது தரையில் வைத்த பொருட்கள்தான். ஆரஞ்சு நிறம் மாறும் வகை ஜெல் வாங்குங்கள். நிறம் போனதும் ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும். பச்சை வேப்பிலை வைக்காதீர்கள், அதுவே ஈரம். சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை அறையில் மாட்டுங்கள். 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணம் வரும். அந்த வாரம் உறையைத் திறக்கக் கூடாது.

மழையில் எண்ணெய் வண்ணத்தை விடவேண்டாம், நிறங்களைத் தேர்ந்தெடுங்கள். பர்ன்ட் அம்பர், ரா அம்பர் போன்ற மண் நிறங்களில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் இறுகும். கறுப்பு, அலிசரின் சிவப்பு, காட்மியம், டைட்டானியம் வெள்ளை எல்லாம் இழுக்கும். அடிப்பூச்சை அம்பரில் முடித்தால் இரண்டு மூன்று நாளில் தொடலாம். அவசரமானால், வண்ணத்தைச் சீக்கிரம் காயவைக்கும் ஆல்கைட் மீடியம் சில சொட்டு. ஒரே நாளில் தொடும் பதம் வரும். படத்தை இருட்டில் சுவரோடு திருப்பி வைக்காதீர்கள். வெளிச்சமும் மெல்லிய காற்றோட்டமும் இருந்தால்தான் இறுகும். கேன்வாஸ் தொய்ந்ததும் ஒவ்வொரு முறையும் சட்டத்தின் மூலையிலுள்ள மர ஆப்பைத் தட்டி இறுக்குவது கெட்ட பழக்கம். காற்று உலர்ந்ததும் அதுவாகவே இறுகும். ஏற்கெனவே தட்டி வைத்திருந்தால் கோடையில் மூலை கிழியும்.

முதல் மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பும். விளக்கை நோக்கிப் பறந்து வந்து ஈர வண்ணத்தில் இறக்கையோடு ஒட்டிக்கொள்ளும். பிடுங்காதீர்கள், இறக்கை உரிந்து வண்ணத்தோடு குழம்பும். அப்படியே விட்டு, தொடும் பதம் வந்தபின் விரல்நகத்தால் சுண்டினால் உதிர்ந்துவிடும். அன்று அறை விளக்கை அணைத்து, வெளியே ஒரு பல்புக்குக் கீழ் தண்ணீர்த் தாம்பாளம் வைப்பது நல்லது.

வார்னிஷும், கரித்துண்டு வரைவு உதிராமல் அடிக்கும் ஃபிக்ஸட்டிவ் ஸ்பிரேயும் மழைக்காலத்தில் கூடவே கூடாது, வெள்ளைப் படலம் பூக்கும். வார்னிஷுக்கு மாசி மாதக் காலைகளை ஒதுக்கி வையுங்கள். அதுவும் படம் முடிந்து ஆறு மாதமாவது கடந்திருக்க வேண்டும்.

ஒரு வருடத்தைப் பிரித்துப் பார்த்தால்

தை முதல் பங்குனி: பெரிய கேன்வாஸ், எண்ணெய் வண்ணம், வார்னிஷ், சட்டம் போடுதல். ஆண்டின் கனமான வேலை இங்கேதான். விடியற்காலைப் பனி உண்டு, காகிதத்தை மாடியில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

சித்திரை, வைகாசி: விடியலில் சிறிய அளவு நீர்வண்ணம், அக்ரிலிக். வெளியே போக முடிந்தால் வேலூர்க் கோட்டை. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் பாயும் யாளிகளும் குதிரை வீரர்களும் பென்சிலுக்குப் பல ஆண்டு வேலை தருவார்கள். மடியில் நோட்டு வைத்து வரையலாம். ஸ்டாண்டு நிறுத்துவதென்றால் தொல்லியல் துறை ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனி முதல் புரட்டாசி: ஆடிக் காற்றுத் தூசியில் ஈரமான எண்ணெய் வண்ணம் உப்புத்தாள் ஆகிவிடும், ஜன்னலைச் சாத்தும் நாட்களில் அக்ரிலிக். கோடையில் வரைந்த சிறிய படங்களிலிருந்து பெரிய படத்துக்கான வரைவுகளை இப்போது தயார் செய்யலாம். புரட்டாசி, தூசி அடங்கிய நல்ல மாதம்.

ஐப்பசி, கார்த்திகை: கரித்துண்டு, மை, லினோ வெட்டுதல் (அச்சுப்படத்துக்கு லினோலியத் தகட்டைச் செதுக்குதல்), கேன்வாஸுக்கு ஜெஸ்ஸோ அடித்து வைத்தல், அம்பர் அடிப்பூச்சு. கைக்கு வேறு வேலை வேண்டுமென்றால் களிமண். ஈரக்காற்றில் மெதுவாகக் காய்வதால் விரிசல் குறையும். மண்பாண்டத்துக்குப் பேர்போன கரிகிரி உங்களுக்குப் பக்கம்தானே. மார்கழியில் மழை ஓய்ந்ததும் எண்ணெய் வண்ணத்துக்குத் திரும்பலாம்.

தோழி சொன்ன "தினமும்"

ஷிப்டில் வேலை செய்கிறவருக்குத் தினக்கணக்கு பொருந்தாது. ட்யூட்டி ரோஸ்டர் வந்த அன்றே நாலு வாரத்துக்குப் பன்னிரண்டு அமர்வு என்று குறித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் 75 முதல் 90 நிமிடம். இரவு ஷிப்ட் வாரத்தில் ஒன்று போதும், மதிய ஷிப்ட் வாரத்தில் ஐந்து வரலாம். இரவு முடித்து வந்த காலையில் தூங்குங்கள். அந்த நேரத்தில் பிரஷ் பிடித்தால் வரைவது பாழாகும், உடம்பும் பாழாகும். ஒவ்வொரு அமர்வையும், அடுத்து என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்போதே நிறுத்தி, அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பலகையில் குத்திவிட்டு இறங்குங்கள். நாலு நாள் கழித்து ஏறும்போது யோசிப்பதில் அரை மணி போகாது.

வாடகை அறையை இந்த ஆண்டு தள்ளிப்போடுங்கள். லாங் பஜார் பக்கம் அறை கிடைக்கலாம், ஆனால் ஷிப்ட் முடிந்து அங்கே போய்வரும் நேரத்தில் ஓர் அமர்வே முடிந்துவிடும். வெள்ளை அடித்து, ஃபேன் வைத்து, ஒரு முழு ஆண்டு மேலே சொன்னபடி நடத்திப் பாருங்கள். அதன் பிறகும் பெரிய படங்களுக்கு இடம் போதவில்லை என்றால் எடுக்கலாம். அப்போதும் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள், எண்ணெய் வண்ணம், வாடை விஷயத்தை உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உரிகிற மூன்று படங்கள்

அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம் நிற்கும்; எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் நிற்காது. கீழே இன்னும் அசைகிற எண்ணெய்ப் படலம், மேலே தண்ணீர் வற்றி இறுகிய பிளாஸ்டிக் தோல். இரண்டும் பிடித்துக்கொள்ள வழியே இல்லை. அதை எந்தப் பசையாலும் சரிசெய்ய முடியாது. இரண்டு படங்களில் உரிகிற அக்ரிலிக்கைப் பிளாஸ்டிக் கரண்டியால் மெல்லத் தூக்கி முழுக்க எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் தாளாகவே வரும். கீழே இருக்கும் எண்ணெய் வண்ணத்தைத் தை வரை இறுக விட்டு, அதன்மேல் எண்ணெய் வண்ணத்திலேயே தொடருங்கள்.

மகனின் படத்தை மட்டும் தொடாதீர்கள். ஃபெவிகால், வார்னிஷ், டேப் எதுவும் வேண்டாம். முகம் மேலே பார்க்கப் படுக்க வைத்து, மேற்பரப்பில் எதுவும் படாதபடி நாலு மூலையிலும் அட்டைத் துண்டு நிறுத்தி, மேலே ஓர் அட்டை மூடி, கீழ்வீட்டின் உட்சுவர் அலமாரியில் வையுங்கள். உதிர்ந்த செதில்களை இடம் குறித்துச் சின்ன உறைகளில் போடுங்கள். பகல் வெளிச்சத்தில் நேராக ஒன்று, பக்கவாட்டில் டார்ச் அடித்து ஒன்று எனப் புகைப்படங்கள் எடுத்துக்கொண்டு, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஓவியப் பாதுகாப்பு தெரிந்தவர்களிடம் காட்டி யோசனை கேளுங்கள். அங்கே 1930 முதல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் இயங்குகிறது. படத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னால் பஸ் வேண்டாம். ரயிலிலோ காரிலோ, படுக்கை வசத்தில், மழையில்லாத நாளாகப் பார்த்துக் கொண்டுபோங்கள்.